அவன் கெட்டுப் போச்சு

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 28 வருஷம் டெக்னீஷியனாக இருந்தவன் நான். பச்சைப் பலகையில் சோல்டர் பசை தடவி, எள்ளைவிடச் சிறிய பாகங்களை அதன்மேல் உட்காரவைத்து, ஒரு நீண்ட அடுப்புக்குள் அனுப்பி மறுமுனையில் எடுப்பது எங்கள் லைன். அந்த அடுப்பை ‘ரீஃப்ளோ அவன்’ என்போம். உச்சச் சூடு 245 டிகிரி. ஐந்து டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் எனக்கு வியர்த்துவிடும்.

2018-இல் கம்பெனி ‘விருப்ப ஓய்வு’ என்று ஒரு கடிதம் கொடுத்தது. விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது. கைக்கு வந்த பணத்தில் ஜூன் மாதம் கேக் செய்ய ஓர் அவன் வாங்கினேன். 245 டிகிரியைக் கட்டி மேய்த்தவனுக்கு 170 டிகிரி என்ன பெரிய விஷயம் என்ற நினைப்பு. மனைவி மட்டும் சொன்னாள்: “பலகை உப்பாதுங்க. கேக்கு உப்பும். பாத்துக்குங்க.”

உப்பியது. பிறகு உட்கார்ந்தது.

பழக்க தோஷத்தில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். கேக் எண் 1: நடுவில் பள்ளம். எண் 2: பள்ளம், ஆழம் 2 சென்டிமீட்டர். எண் 3: பள்ளம் இல்லை, ஓரமெல்லாம் கரி. எங்கள் ஃபிளாட்டுக்கு மேலேதான் விமானங்கள் தாழ்ந்து இறங்கும். அந்த அதிர்வில்தான் கேக் அமுங்குகிறது என்று ஒரு மாதம் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சுங்கை ஆராவில் கேக் விற்கும் ஓர் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நடுவுல கதவைத் திறந்து பார்க்கிறீங்களா?” என்றார். பார்ப்பேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை பார்ப்பேன். தொழிற்சாலையில் எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

கதவைத் திறக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டு, விற்கவும் ஆரம்பித்த பிறகு, எழுத்து என் காலை வாரிவிட்டது. அறுபது வயதான ஒரு பெரியவருக்குப் பிறந்தநாள் கேக். பிள்ளைகள் தமிழில்தான் எழுத வேண்டும் என்றார்கள். நானும் பெருமையோடு ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று கிரீமைப் பிழிந்தேன். ‘வாழ்த்து’ முடியும்போது கேக்கும் முடிந்துவிட்டது. மிச்சத்தைக் கீழ்வரியில் நடுவாக எழுதினேன்: ‘கள்’. அந்தப் பெரியவர் எஸ்டேட் காலத்திலிருந்தே எதற்குப் பேர்போனவர் என்பது மொத்தக் குடும்பத்துக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. பாதிப் பணம் திருப்பிக் கொடுத்தேன்.

இத்தனை அனுபவத்துக்குப் பிறகும் ஒரு விஷயத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன்: வந்த ஆர்டர் எதையும் நான் மறுத்ததில்லை. விஸ்கி போத்தல் வடிவில் கேக் கேட்டார்கள், செய்தேன். லாட்டரியில் நாலு நம்பர் அடித்தவர் அந்த நாலு நம்பரையும் எழுதிக் கேட்டார், எழுதினேன். முதல் வீட்டுக்கு ஒன்று, இரண்டாம் வீட்டுக்கு ஒன்று என்று ஒரே பிறந்தநாளுக்கு ஒரே மனிதர் இரண்டு கேக் வாங்கினார். இரண்டிலும் ‘அன்புள்ள அப்பாவுக்கு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பெட்டி மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று புத்தியும் சொல்லி அனுப்பினேன். மனசாட்சி என்று ஒன்று எனக்கு இருப்பதாக இந்த அவனுக்கோ எனக்கோ அதுவரை சந்தேகமே வந்ததில்லை.

போன வருஷம் அக்கா போன் செய்தார்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. நான் லைனில் சேர்ந்த நாளில் அங்கே லீடராக இருந்தவர். இப்போது எங்கள் ஃபிளாட்டிலேயே நாலு மாடி கீழே இருக்கிறார். அவர் மகன் மெல்பர்னில் படித்து அங்கேயே வேலைக்குப் போய்விட்டான். “தம்பி, பையன் வர்றான். கல்யாணம் அங்கயே ரிஜிஸ்டர் பண்ணிட்டாங்க. இங்க வீட்டோட ஒரு சாப்பாடு போடலாம்னு. இருபது பேர்தான். ரெண்டு கிலோ பட்டர் கேக் வேணும். மேல ஒண்ணும் எழுத வேணாம், ரெண்டு பேர் பேரு மட்டும் போதும்.”

பேனாவை எடுத்தேன். அக்கா முதலில் மகன் பெயரைச் சொன்னார். பிறகு இன்னொரு பெயரைச் சொன்னார். அதுவும் ஆண் பெயர்.

“அவன் கூட்டாளி,” என்றார் அக்கா.

எங்கள் ஊர்த் தமிழில் கூட்டாளி என்றால் சிநேகிதன். அந்தச் சொல்லை அவர் எத்தனை நாள் தேடி எடுத்தாரோ தெரியாது. நானோ எழுதிக்கொண்டேன், நாளைக் குறித்தேன், “சரிக்கா” என்றேன், போனை வைத்தேன். வைத்த பிறகுதான் கை நடுங்கியது.

அதற்கடுத்த இரண்டு நாள் என் மண்டைக்குள் நடந்தவற்றை எல்லாம் எழுதினால் பத்திரிகையில் இடம் போதாது. இதே ஃபிளாட்டில்தான் எனக்குத் தீபாவளி பிஸ்கட் ஆர்டர் பாதி வருகிறது. கோயில் கமிட்டியில் இரண்டு பேர் நம் வாடிக்கை. கேக்கைப் படம் எடுத்து யாராவது போட்டுவிட்டால்? கீழே என் பெயர் இருந்தால்? நாடு எப்படிப்பட்டது என்பதும் தெரியும். 1976-ஆம் வருஷத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 69-ஆவது பிரிவுப்படி ஒருவர் ஆண், ஒருவர் பெண் என்று இல்லாத திருமணம் செல்லாது. தண்டனைச் சட்டத்தின் 377 வரிசையில் 20 வருஷம் வரை சிறை, கசையடி என்றெல்லாம் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் ஜார்ஜ்டவுன் விழாவின் கண்காட்சி ஒன்றில் நிஷா அயூப், பாங் கீ தெய்க் என்ற இரண்டு உரிமை ஆர்வலர்களின் படங்களை அமைச்சர் சொல்லிக் கழற்றிவிட்டார்கள். சுவரில் மாட்டின படத்துக்கே அந்த கதி.

இந்தச் சட்டங்கள் எதிலும் கேக்கைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது என்பதை நான் பார்க்கவில்லை. பயந்தவன் கண்ணுக்கு எழுதாததெல்லாம் தெரியும்.

மூன்றாம் நாள் போன் செய்தேன். வேண்டாம் என்று சொல்ல ஒத்திகை பார்த்திருந்தேன். அக்காவின் குரலைக் கேட்டதும் ஒத்திகை எல்லாம் மறந்து, வாயில் முதலில் வந்த பொய்யைச் சொன்னேன்.

“அக்கா... அவன் கெட்டுப் போச்சு.”

எதிர்முனையில் சத்தமே இல்லை. விமானம் ஒன்று எங்கள் இருவர் தலைக்கும் மேலே ஒன்றாகக் கடந்தது.

“எவன் தம்பி?” என்றார் அக்கா.

என் உயிர் போயிற்று. “ஐயோ அக்கா, அவன்... கேக்கு செய்ற அவன்! சூடு ஏறல. ரிப்பேருக்குக் குடுக்கணும்.”

“ஓ. அந்த அவனா,” என்றார். “சரி தம்பி. பரவால்ல.”

தமிழ் எத்தனையோ பேரைப் பழிவாங்கியிருக்கிறது. முன்பு ‘கள்’ என்று தனியாக நின்று ஒரு பெரியவரை அவமானப்படுத்திய அதே மொழி, இந்த முறை சரியான ஆளைப் பிடித்தது.

பொய் சொன்னால் அதைக் காப்பாற்றும் கூலி வேலையும் சேர்ந்து வரும். அதே சனிக்கிழமைக்கு வேறொரு பிறந்தநாள் ஆர்டர் ஏற்கெனவே வாங்கியிருந்தேன். அக்கா விருந்தன்று என் வீட்டில் கேக் வாசம் வரக்கூடாது. காலையிலேயே சன்னல்களை எல்லாம் சாத்தினேன். கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைக்கும்படி மனைவியிடம் சொன்னேன். “பொய் உங்களுது. துண்டும் நீங்களே வைங்க,” என்றாள். வைத்தேன். பாயான் லெப்பாஸ் வெயிலில், சன்னல் சாத்திய ஃபிளாட்டில், 170 டிகிரி அடுப்புக்கு எதிரில் பனியனோடு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வெந்தது கேக் மட்டும் இல்லை. நோட்டில் குறிப்பு இருக்கிறது: பள்ளம் இல்லை. என் தொழில் வாழ்க்கையிலேயே சிறந்த கேக் அதுதான்.

மாலையில் பெட்டியோடு லிஃப்டில் ஏறினேன். நாலு மாடி இறங்கி லிஃப்ட் நின்றது. கதவு திறந்தது. அக்கா.

அவர் கையிலும் ஒரு கேக் பெட்டி. சூப்பர்மார்க்கெட் பெட்டி, மேலே கண்ணாடித் தாள். மேல்வீட்டுக்கு எடுத்துப் போக லிஃப்டுக்குக் காத்திருந்திருக்கிறார் போல. உள்ளே வெள்ளை கிரீம், ஒரு எழுத்துகூட இல்லை. என் பெட்டியிலிருந்து சூடு இன்னும் ஆறாத வெண்ணெய் வாசம் லிஃப்ட் முழுக்க நிறைந்திருந்தது. தொழிற்சாலையில் சோல்டர் கருகினால் பத்து அடி தள்ளி நின்றே மோப்பம் பிடித்துவிடுகிறவர் அவர்.

“அவன் சரியாயிடுச்சா, தம்பி?”

“இப்பத்தான்... இப்பத்தாங்க்கா.”

“நல்லது.”

வேறு ஒன்றும் பேசவில்லை. மேலே போக வேண்டியவர், ஏறிவிட்டதால் என்னோடு கீழேயே வந்தார். தரைத்தளத்தில் கதவு மூடிக்கொள்ளப் பார்த்தது. என் இரண்டு கையிலும் பெட்டி. அக்கா தன் பெட்டியை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, காலால் கதவைத் தடுத்து எனக்கு வழிவிட்டார்.

அன்றிரவு முதல் தூக்கம் இல்லை. உலகத்தில் என் பக்கம் பேசும் ஒரு நீதிபதியாவது கிடைப்பாரா என்று படிக்க ஆரம்பித்தேன். கேக்கை மறுத்த ஆள் நான் மட்டும் இல்லை, கோர்ட்டுவரை போனவர்களும் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அது கொஞ்ச நேரம்தான்.

முதலில் அமெரிக்காவில் கொலராடோ. 2012 ஜூலையில் சார்லி கிரெய்க், டேவிட் மல்லின்ஸ் என்ற இருவர் லேக்வுட் என்ற ஊரில் ‘மாஸ்டர்பீஸ் கேக்‌ஷாப்’ கடைக்குப் போகிறார்கள். கொலராடோவில் அப்போது அவர்கள் கல்யாணம் செல்லாது. அதனால் மாசசூசெட்ஸில் பதிவு செய்துகொண்டு ஊரில் விருந்து வைக்கத் திட்டம். கூடவே கிரெய்க்கின் அம்மாவும் போயிருந்தார். வெளியூரில் பதிவு, உள்ளூரில் விருந்து, கேக் கேட்க வந்த அம்மா. இதைப் படித்தபோது ஃபிளாட்டையே யாரோ தூக்கிக்கொண்டுபோய் அங்கே வைத்த மாதிரி இருந்தது. கடைக்காரர் ஜாக் பிலிப்ஸ், உங்களுக்குப் பிறந்தநாள் கேக் தருவேன், பிஸ்கட் தருவேன், இந்தக் கல்யாணத்துக்கு மட்டும் கேக் செய்ய என் மதம் இடம் தராது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மாநில ஆணையம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2018 ஜூன் 4 அன்று உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அவர் பக்கம் திரும்பியது.

ஜெயித்தோம் என்று எழுந்து உட்கார்ந்தேன். மேலே படித்தால், ஆணையத்தில் இருந்தவர்கள் அவர் மதத்தை மட்டம்தட்டிப் பேசினார்கள், நடுநிலையாக விசாரிக்கவில்லை, அதனால்தான் அந்தத் தீர்ப்பு. கேக்குக்காரர் மறுக்கலாமா கூடாதா என்ற மூலக் கேள்வியை நீதிபதி கென்னடி அப்படியே விட்டுவிட்டார். போகட்டும். அந்த பிலிப்ஸ் ஹாலோவீன் கேக்கும் செய்யமாட்டாராம், சாராயம் கலந்த கேக்கும் செய்யமாட்டாராம். அவர் கொள்கை சரியோ தப்போ, அதற்காக நஷ்டப்படத் தயாராக இருந்த மனிதர். விஸ்கி போத்தலும் நாலு நம்பரும் செய்தவன் அவர் பக்கத்தில் போய் நிற்க முடியுமா?

அடுத்து பெல்ஃபாஸ்ட். 2014 மே மாதம் கேரத் லீ என்பவர் ஆஷர்ஸ் கடையில் 36.50 பவுண்டுக்கு ஒரு கேக் கேட்டார். அதன்மேல் ஓரினத் திருமணத்தை ஆதரியுங்கள் என்று எழுத வேண்டும். கடைக்கார அம்மா சங்கடம் வேண்டாம் என்று ஆர்டரை வாங்கிக்கொண்டார். நான் செய்த அதே காரியம். இங்கே என் ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் அவர் அந்த வார இறுதியில் யோசித்துவிட்டுப் போன் செய்து, நாங்கள் கிறிஸ்தவக் கடை நடத்துகிறோம், அந்த வாசகத்தை எழுத முடியாது என்று உள்ள காரணத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுப் பணத்தையும் திருப்பிவிட்டார். அவன் கெட்டுப் போச்சு என்று சொல்லவில்லை. 2018 அக்டோபர் 10 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகக் கடைக்காரர் பக்கம் நின்றார்கள். மறுப்பு ஆளுக்கு இல்லை, வாசகத்துக்குத்தான், அதே வாசகத்தை யார் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பார்கள் என்றார் லேடி ஹேல்.

எனக்கு நியாயமாகப் பட்ட வித்தியாசம் அது. பிடிக்காத வாசகத்தை எழுதச் சொல்லி ஒருவர் கையைப் பிடித்து முறுக்கக் கூடாது. நாளைக்கு யாராவது வந்து ஒரு சாதியைத் திட்டி கேக்கில் எழுதச் சொன்னால் நானும் மறுக்கத்தான் வேண்டும். ஆனால் அக்கா என்ன வாசகம் கேட்டார்? மேலே ஒன்றும் எழுத வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்றார். அந்த இரண்டு பெயர்களில் ஒன்று ஆண் பெயராகவும் ஒன்று பெண் பெயராகவும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. லேடி ஹேலின் கணக்குப்படி நான் மறுத்தது வாசகத்தை அல்ல, ஆளை. அதுவும் இடுப்பில் டவுசர் நிற்காத வயசிலிருந்து நான் பார்த்த ஆளை.

நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்லும் என்று பார்த்தேன். அதுதான் கடைசி நம்பிக்கை. மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 8-ஆவது விதி பாகுபாடு கூடாது என்கிறது. 2001-இல் அதில் பாலினத்தையும் சேர்த்தார்கள். ஆனால் அது அரசாங்கத்தைக் கட்டுமே தவிர, தனியாரைக் கட்டாது. கர்ப்பமானதற்காக வேலை போன விமானப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில் 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் அப்படித்தான் சொல்லிவிட்டது. ஆக, என்னை யாரும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. நான் ஜெயித்துவிட்டேன்.

ஜெயித்த அந்த நிமிஷத்தில்தான் 1990 ஞாபகம் வந்தது.

கெடாவில் எஸ்டேட்டிலிருந்து பெட்டியோடு வந்து பாயான் லெப்பாஸில் அறை தேடிய வருஷம். போனில் பேசினால் அறை காலியாக இருக்கும். நேரில் போய் நின்றால் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்ப்பார், “சூடா அடா ஓராங்” என்பார். ஆள் வந்துவிட்டார்களாம். ரொம்ப மரியாதையாகச் சொல்வார், சில பேர் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். மறுவாரம் அதே வழியாகப் போனால் வாடகைப் பலகை அப்படியே தொங்கும். ஐந்து வீடுகளில் ஐந்து பொய். இந்தியனுக்குக் கொடுக்கமாட்டேன் என்று ஒருவராவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பொய்யோடு எப்படிச் சண்டை போடுவது? அந்த வீட்டுக்காரர்களையும் இதே 8-ஆவது விதி கட்டவில்லை. எந்த ஓட்டை வழியாக அன்றைக்கு என்னைத் தள்ளினார்களோ, அதே ஓட்டைக்குள் புகுந்துகொண்டு ஜெயித்துவிட்டேன் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் எனக்கு அறை பிடித்துக் கொடுத்தது யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். லைன் லீடர் அக்கா, தன் சித்தி வீட்டில்.

படித்ததில் என்னை ரொம்பக் கூச வைத்தது சென்னை உயர் நீதிமன்றத்து விஷயம். வீட்டுக்குப் பயந்து மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன்னால் வந்தது. அவர் எனக்கு இதில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். அதற்குப் பிறகுதான் 2021 ஜூன் 7 அன்று தீர்ப்பு எழுதினார். இவர்களைப் போன்றவர்களைக் கண்ணியமாகக் குறிப்பிடத் தமிழில் சொற்கள் வேண்டும் என்று பேச்சு எழுந்து, 2022-இல் தமிழ்நாடு அரசு ‘தன்பாலீர்ப்பு’ போன்ற சொற்களை அரசிதழிலேயே வெளியிட்டது. ஒரு நீதிபதி தெரியாது என்று சொல்லிப் பாயில் உட்கார்ந்து படிக்கிறார். ஒரு தாய் ஒரே ஒரு நல்ல சொல்லுக்காகத் தேடித் தேடி ‘கூட்டாளி’ என்று எடுத்து நீட்டுகிறார். நாலு மாடி இறங்கிப் போய், எனக்கு ஒண்ணும் புரியலக்கா, பயமா இருக்கு என்று சொல்ல எனக்கு என்ன கேடு?

கேக்கை மறுக்கலாமா என்ற கேள்விக்கு என் தீர்ப்பு இதுதான். கேக்குக்காரர் எழுதமாட்டேன் என்று சொல்ல உரிமையுள்ள வாசகங்கள் இருக்கலாம். கேக்கே தரமாட்டேன் என்று சொல்ல உரிமையுள்ள மனிதர்கள் இல்லை. அப்படியும் ஒருவரை மறுத்தே தீருவேன் என்றால், காரணத்தை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சொல்லிப் பார்த்தால், பாதிப் பேருக்குச் சொல்லக் காரணமே இருக்காது. எனக்கு இருக்கவில்லை.

தீபாவளிக்கு அக்கா எப்போதும்போல மூன்று டின் பிஸ்கட் ஆர்டர் கொடுத்தார். என்னிடம் இனி வாங்கமாட்டேன் என்று மறுக்க அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. முழுப் பணம் கொடுத்தார், பேரம் பேசவில்லை. மகன் நன்றாக இருக்கிறானா என்று கேட்க வாயெடுத்தேன். ‘அவன்’ என்று ஆரம்பிக்க வேண்டியிருந்தது. கேட்காமலே வந்துவிட்டேன்.

2018 ஜூனில் வாங்கியது. இன்றைய தேதிவரை ஒரு நாளும் ரிப்பேருக்குப் போனதில்லை. அவன் கெட்டுப் போகவே இல்லை.